சாரத்துக்குப் போன மரம்

பாண்டிச்சேரிக்குப் போகிறேன் என்று திருப்பூரில் சொன்னால் யாரும் எதற்கென்று கேட்பதில்லை. கண்ணடித்துவிட்டு, தங்களுக்கு என்ன வாங்கி வரவேண்டும் என்று காதோடு சொல்லிவிட்டுப் போவார்கள். நான் விறகு எண்ணப் போகிறேன் என்றேன். ஆபீசே சிரித்தது. வீட்டில் என் மனைவி, விறகு எண்ணுவதற்கு எதற்கு நாலு நாள் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் நிஜமாகவே அதற்குத்தான் போனேன்.

ஊருக்கு அப்போதுதான் புதுச்சேரி என்று பெயரை மாற்றியிருந்தார்கள். பஸ்ஸின் நெற்றியில் புதுச்சேரி, கண்டக்டர் வாயில் பாண்டி. எரிபொருள் ஆய்வு செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பாய்லருக்கு லாரி லாரியாக மரம் போவதைப் பதினைந்து வருஷமாகப் பார்த்தவன். பாண்டியில் விறகு அடுப்பு வைத்திருக்கும் பேக்கரிகளைப் பார்த்து, அவை எரிக்கிற வேகத்துக்கு மரம் வளர்கிறதா என்று சொல்ல வேண்டும். தாங்காது என்று நான் எழுதினால், அந்த பேக்கரிகள் டீசல் அடுப்புக்கு மாறியாக வேண்டும். மாற முடியாதவர்கள் கடையை மூட வேண்டியதுதான். எங்களைக் கூப்பிட்ட பாண்டி அரசு அலுவலகம் அப்படித்தான் முடிவு செய்திருந்தது.

எனக்கு முன்கோபம் உண்டு. அதைவிட மோசம், எல்லாம் எனக்குத் தெரியும் என்கிற நினைப்பு. கிளம்புவதற்கு முன்பே அது வேலையைக் காட்டியது. லாட்ஜுக்குப் போன் செய்தபோது எடுத்தவர், "சாரத்துல இருக்குது சார் ரூம்" என்றார். கட்டிடம் கட்டக் கொத்தனார்கள் மரத்தை நட்டுக் கட்டுவார்களே, அந்தச் சாரம் என்று எடுத்துக்கொண்டேன். கட்டி முடித்த ரூமாகப் பார்த்துக் கொடுங்கள், சாரத்தில் எல்லாம் என்னால் படுக்க முடியாது என்று சண்டை பிடித்தேன். அவர் பொறுமையாக, சாரம் என்பது ஊருக்கு மேற்கே ஒரு பேட்டையின் பெயர் என்று விளக்கினார். பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரரிடம் இதைச் சொன்னேன். லாட்ஜ் வாசல் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார். அன்று முதல் சாரம் என்றால் எது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று இருந்தேன்.

முதல் நாள் இட்லியும் வடகறியும் தின்றுவிட்டு முத்தியால்பேட்டைக்குப் போனேன். வடகறி எங்கள் பக்கம் அவ்வளவாகக் கிடையாது. மூன்றாவது கிண்ணத்தை வைத்த ஆள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். முத்தியால்பேட்டையில் சந்துக்குச் சந்து பட்டறையும் கடையும்தான். சைக்கிளும் ஸ்கூட்டரும் போக மிச்சமிருந்த இடத்தில் மனுஷர்கள் நடந்தார்கள்.

என் பட்டியலில் பெரிய அடுப்பு மேரி என்பவருடையது. ஐம்பது வயது இருக்கும். மில் வேலை போன பிறகு அவரும் கணவர் சவரிமுத்துவும் சேர்ந்து, மேரியின் அப்பா நடத்திய பேக்கரியைத் தூக்கி நிறுத்தியவர்கள். சவரிமுத்து மில்லில் பாய்லர் பார்த்தவர், பேசவே மாட்டார். மாவு பிசைய ஆறு பெண்கள். மேரி என்னை உட்காரச் சொல்லவில்லை. "இன்னா எழுதப் போறீங்களோ எழுதுங்க சார். பாத்துட்டு எழுதுங்க" என்றார்.

பார்த்தேன். நான் எத்தனையோ அடுப்பு பார்த்தவன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஒரு ரூம் அளவுக்குச் செங்கல் குகை, வாய் மட்டும் சின்னது. நடுப்பகலில் உள்ளே சவுக்கு மிலாரைப் போட்டுக் கொளுத்தினார்கள். மிலார் என்றால் சவுக்கு மரத்தில் கழித்துப்போட்ட சின்னக் கிளைகள். ரெண்டு மணி நேரம் நெருப்பு கூரையை நக்கிக்கொண்டு எரிந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டே, இனி ராத்திரி வரை இப்படித்தான் எரியும் என்று நினைத்தேன். சவரிமுத்து நீளக் கம்பியால் தணலை எல்லாம் வெளியே வாரிவிட்டார். ஈரச் சாக்கைக் கழியில் கட்டி அடிக்கல்லைத் துடைத்தார். உள்ளே ஒரு பொறி நெருப்பு கிடையாது. அதற்குப் பிறகுதான் ரொட்டி உள்ளே போகுமாம். கல் குடித்து வைத்திருக்கிற சூட்டிலேயே வேகுமாம். எங்கள் ஊர் பாய்லர்களில் நெருப்பு ஒரு நிமிஷம் குறைந்தால் கத்துவார்கள். நான் பேனாவை மூடிவிட்டேன்.

சூடு சரியா என்று பார்க்க தெர்மாமீட்டர் உண்டா என்று கேட்டேன். மேரி ஒரு பிடி மாவை எடுத்து உள்ளே வீசி, விரலை மடக்க ஆரம்பித்தார். "அன், தெ, த்ருவா, கத்ர்..." என்று எண்ணினார். பத்து வரும்போது மாவு பொன்னிறமானது. ஐந்துக்கே கருகினால் சூடு அதிகம், பத்தைத் தாண்டியும் வெள்ளையாக இருந்தால் போதாது. பிரெஞ்சு தெரியுமா என்று கேட்டேன். பத்து வரைக்கும்தான் தெரியும், அப்பா இப்படி எண்ணித்தான் ரொட்டி போட்டார், தமிழில் எண்ணினால் வேகம் மாறி ரொட்டி கெட்டுவிடும் என்றார். பிசைந்துகொண்டிருந்த பெண்களும் உதட்டுக்குள் அதே பத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மயிர்க்கூச்செறிந்தது.

நாலு மணிக்கு ரொட்டி வெளியே வந்தது. மேலே படபடவென்று வெடிக்கிற தோல், உள்ளே பஞ்சு. வெண்ணெய்கூட வேண்டாம், சும்மாவே ரெண்டு தின்றேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர் வந்தார். அவர்களை இங்கே சொல்தா என்கிறார்கள். மேரியிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். என்னவாம் என்று கேட்டேன். நேற்று ரொட்டி லேசாகக் கருகிவிட்டதாம். "இருபது வருசமா தெனம் இதையேதான் சொல்றாரு. மொழி தெரியாட்டியும் புரியுது" என்றார் மேரி.

கிளம்பும்போது நான் கேட்டேன், வெறும் மிலார்தானா, கட்டையும் எரிப்பது உண்டா என்று. இதில்தான் எல்லாம் இருக்கிறது. மிலார், கம்புக்காக வெட்டின மரத்தில் மிச்சமாக விழுவது. அதை எரித்தால் புதிதாக ஒரு மரமும் சாகாது. முழுக் கட்டை எரித்தால் அடுப்புக்கென்றே மரம் விழுகிறது என்று அர்த்தம். மேரி, "ஒரு கட்ட கூட உள்ள போனதில்ல" என்றார். சாம்பலைக்கூடக் கொட்டுவதில்லையாம். வைத்திக்குப்பத்து மீன்காரப் பெண்கள் வந்து வாங்கிப் போவார்களாம். சாயங்காலம் நானே போய்ப் பார்த்தேன். கரையில் படகுகளுக்கு நடுவே ஒரு அம்மா, வழுக்குகிற மீனின் மேல் அந்தச் சாம்பலைத் தேய்த்துப் பிடித்துக்கொண்டு, என்னோடு பேசிக்கொண்டே சரசரவென்று செதில் எடுத்தார். மரத்தில் எதையும் விடமாட்டார்கள் போலிருக்கிறது இந்த ஊரில்.

இரண்டாம் நாள் சவுக்குத் தோப்பைப் பார்க்க வேண்டியிருந்தது. கூட்டிப்போனவர் ஏழுமலை. வடக்கே ஒரு கிராமத்தில் சொந்தமாகச் சவுக்கு போட்டிருக்கிறார், மத்தியானத்துக்கு மேல் முத்தியால்பேட்டை விறகு வாடியில் லோடு ஏற்றி இறக்குகிற கணக்கையும் பார்க்கிறார். மேரிக்கு மிலார் போவது அந்த வாடியிலிருந்துதான். ஏழுமலையின் டிவிஎஸ் ஐம்பதில் பின்னால் உட்கார்ந்து போனேன். ஏற்கனவே அதில் ஒரு மூட்டைப் புண்ணாக்கும் ஒரு சைக்கிள் டயரும் இருந்தன. மணலில் சக்கரம் புதைந்து மூன்று பேரும் விழுந்தோம், புண்ணாக்கையும் ஆளாகச் சேர்த்துத்தான் சொல்கிறேன். பேன்ட் முட்டியில் கிழிந்தது. ஏழுமலை முதலில் மூட்டையைத் தூக்கினார், அப்புறம் என்னை.

தோப்புக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. கீழே காற்றே இல்லை, ஆனால் மேலே கடல் மாதிரி இரைச்சல். மரம் எல்லாம் ஒரே உயரத்தில், நேராக, கைக்கு அடங்குகிற பருமனில். நட்டு நாலு வருஷம்தானாம். எங்கள் பக்கம் நாலு வருஷத்தில் வேம்பு ஓட்டு வீட்டுக் கூரையைத் தொட்டாலே அதிகம். நான் அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்தது.

ஏழுமலை குத்துக்காலிட்டு மண்ணைத் தோண்டி ஒரு வேரை எடுத்துக் காட்டினார். அதில் கொத்தாக முடிச்சு. அந்த முடிச்சுதான் மண்ணுக்குச் சத்து சேர்க்கிறது, அதனால் சவுக்கு வெட்டின நிலத்தில் அடுத்து மல்லாட்டை போட்டால் நன்றாக வரும் என்றார். மல்லாட்டை என்றால் என்ன என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, வீட்டில் ஒரு தட்டு அவித்துக் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். நிலக்கடலை! விறகை எண்ண வந்தவனுக்கு மல்லாட்டை தெரியவில்லை என்று அவர் வீட்டம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். வயிறு முட்டத் தின்றேன்.

ஒன்று மட்டும் தோப்பில் எனக்கு உறுத்தியது. பக்கத்துத் தோப்புகளில் விழுந்த சருகைத் துடைப்பம் போட்டு வாரியெடுத்திருந்தார்கள், தரை மொட்டையாக இருந்தது. அடுப்புப் பற்றவைக்க விற்கிறார்களாம். ஏழுமலை தன் நிலத்தில் வாரவிடுவதில்லை. மூன்று நடவுக்கு வாரிய நிலத்தில் நாலாவது நடவுச் சவுக்கு சன்னமாகிவிடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். முடிச்சு எவ்வளவுதான் கொடுக்கும், வாங்கினதைத் திருப்பிப் போடணும் இல்லையா சார் என்றார். இதை நாங்கள் எங்கள் அறிக்கைகளில் பத்து பக்கத்துக்கு எழுதுவோம்.

மத்தியானம் வாடிக்குத் திரும்பினோம். ஏழுமலை எடைபோடப் போய்விட்டார். சுவரில் ஒரு கரும்பலகை, அன்றன்றைக்கு எந்த லோடு எங்கே போனது என்று சாக்கட்டியில் எழுதியிருந்தது. நடுவில் ஒரு வரி: மேரி, சாரம், முழு மரம், ஒரு வண்டி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு கட்டைகூடப் போனதில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்ன பெண், சாரத்தில் இன்னொரு அடுப்பு வைத்துக்கொண்டு அங்கே முழு மரமாகக் கொளுத்துகிறாள். நான் தங்கியிருக்கிற அதே சாரத்தில்! ஏழுமலையை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குத்தான் சாரம் தெரியுமே. நேராக ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போய், ஒட்டிக்கொண்டிருந்த கீபோர்டில் குத்திக் குத்தி எங்கள் மேனேஜருக்கு மெயில் அனுப்பினேன். பெரிய அடுப்புக்காரர் தகவலை மறைக்கிறார், முழு மரம் எரிகிறது, இது தாங்காது.

மூன்றாம் நாள் அந்தக் கள்ள அடுப்பைக் கண்டுபிடிப்பதாக முடிவு. வாடகை சைக்கிள் எடுத்தேன். சாரம் முழுக்க, சந்து சந்தாக, மூக்கைத் தூக்கிப் புகை மோந்துகொண்டே போனேன். ஒரு இடத்தில் புகை வந்தது, கல்யாண வீட்டுச் சமையல். இன்னொரு இடத்தில் குப்பை எரித்துக்கொண்டிருந்தார்கள். மேரி பேக்கரி எங்கே என்று ஒரு மளிகைக்கடையில் கேட்டதற்கு, "அது முத்தியால்பேட்டையாச்சே, இங்க வந்து இன்னாத்துக்குத் தேடுறீங்க" என்றார்கள். எல்லாரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். செயின் மூன்று தடவை கழன்றது. கையெல்லாம் கிரீஸோடு, பசியோடு, வெறியோடு முத்தியால்பேட்டைக்கு மிதித்தேன்.

மணி ரெண்டு. கடையில் நெருப்பு இல்லை. ஆறு பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சவரிமுத்து அடுப்பு வாய்க்கு எதிரே சும்மா நின்றார். காலையில் அலுவலகத்திலிருந்து போன் வந்ததாம், மறு உத்தரவு வரும்வரை அடுப்பைப் பற்றவைக்கக் கூடாதென்று. என் மேனேஜர் மெயிலை அப்படியே அவர்களுக்குத் தள்ளிவிட்டிருந்தார்.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "ஏனுங்க, சாரத்துல இருக்கிற அடுப்பை எப்பக் காட்டுவீங்க?" என்று கேட்டேன்.

 மேரி, வாங்க என்று பின்பக்கம் கூட்டிப்போனார். அடுப்பின் புகைபோக்கியைச் சுற்றி, தரையிலிருந்து மொட்டை மாடிக்கு மேலே வரை, சவுக்கு மரங்களை நட்டுக் கயிற்றால் கட்டி நிறுத்தியிருந்தார்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் புகை போகக்கூடாதென்று புகைபோக்கியை உயர்த்திக் கட்டுகிறார்களாம். வேலை முடிந்ததும் மரம் வாடிக்கே திரும்பிவிடும்.

"இதுக்குப் பேரு இன்னா சார் உங்க ஊர்ல?" என்று கேட்டார்.

எங்கள் ஊரிலும் இதற்குச் சாரம் என்றுதான் பெயர். எங்கள் தாத்தா காலத்திலிருந்து அதுதான் பெயர். பெஞ்சிலிருந்த பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மேரி சிரிக்கவில்லை. எனக்குக் காது இரண்டும் எரிந்தது. தப்பு என்னுடையதுதான், மன்னித்துவிடுங்கள் என்றேன். அது அவருக்குப் போதவில்லை என்பது தெரிந்தது. சும்மா சொன்னால் அடுப்பு எரியாதே.

சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து அலுவலகத்துக்கு ஓடினேன். பார்க்க வேண்டியவர் மீட்டிங்கில் இருந்தார். ஆறு மணிவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், பிறகு நாளைக்கு வாருங்கள் என்றார்கள். திரும்பி வந்தபோது கடை வாசலில் அந்தச் சொல்தா, காலிப் பையோடு நின்றிருந்தார். என்னிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். இல்லை என்று கையை விரித்தேன். இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனார்.

நாலாம் நாள் அலுவலகம் திறக்கும்போதே போய்விட்டேன். அதிகாரி நல்ல மனுஷர்தான். கரும்பலகை, சாரம், என் புத்திசாலித்தனம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்காமல், எழுதிக் கொடுங்கள் என்றார். ஆய்வில் பிழை, பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பற்றவைக்கலாம் என்ற காகிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு முத்தியால்பேட்டைக்கு வந்தேன். பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரிதான் வந்தேன்.

மேரி காகிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். சவரிமுத்து மிலாரைப் போட்டுக் கொளுத்தினார். ரெண்டு மணி நேரம் எரித்து, வாரிவிட்டு, துடைத்து, மேரி மாவை வீசினார். பத்து வரை எண்ணினார். வெள்ளையாகவே இருந்தது. மறுபடி பத்து. கொஞ்சம்கூட நிறம் மாறவில்லை.

அப்போதுதான் சவரிமுத்து என்னிடம் முதல் தடவையாகப் பேசினார். தினமும் எரிகிற அடுப்பு என்றைக்கும் முழுக்க ஆறுவதில்லை, நேற்றைய சூட்டின் மேல்தான் இன்றைய சூடு ஏறும், அதனால்தான் மிலாரே போதுகிறது என்றார். ஒரு நாள் விட்டுப்போனதில் அடிக்கல் ஆறிவிட்டது. இனி மிலாரை எவ்வளவு போட்டாலும் மேலேதான் சுடும், கல்லுக்குள் இறங்காது.

"கட்டதான் போடணும்" என்றார்.

வாடியிலிருந்து வண்டி மறுநாள்தான் வரும். பிசைந்த மாவு புளித்துக்கொண்டிருந்தது. மேரி பின்பக்கம் போனார். சாரம் கட்டியது போக மூன்று முழு மரம் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்தது. அதைக் காட்டி, அறுத்திடுங்க, வாடிக்கு நான் சொல்லிக்கிறேன் என்றார்.

ரம்பத்தின் ஒரு முனையைச் சவரிமுத்து பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். சவுக்கு இரும்பு மாதிரி. நாலு வருஷம் அந்தத் தோப்பில் நேராக நின்ற மரம், துண்டு துண்டாக விழுந்தது. முதல் கட்டையை மேரியே உள்ளே தள்ளினார். நான் பொய்யாக எழுதினதை இப்போது நிஜமாக்கிக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் ஐந்தரைக்கு மாவு பொன்னிறமானது. அதற்குள் நான் அட்டவணை தவிர அறிக்கையை எழுதி முடித்திருந்தேன். மிலார் எரிகிறவரை இந்த அடுப்புகளுக்கு மரம் தாங்கும். சருகை வாருவதை நிறுத்தவில்லையென்றால் இன்னும் ரெண்டு மூன்று நடவுக்குப் பிறகு தாங்காது, பேக்கரிகளும் சருகு வாங்கக்கூடாது. மேரிக்குக் கெடுதல் செய்துவிட்டோமே என்று அந்தச் சருகு வரியை எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். படித்துக் காட்டியபோது அவர், "அது இருக்கட்டும். நாங்களும் சருகுலதான் பத்த வெக்கிறோம். நாளையிலேர்ந்து தேங்கா மட்ட" என்றார்.

கடைசியாக எரிபொருள் அட்டவணை. மிலார் எவ்வளவு என்று எழுதினேன். அதற்குக் கீழே முழு மரம் என்ற கட்டத்தில், அதுவரை கோடு போட்டிருந்த இடத்தில், மூன்று என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில், ஆய்வாளரின் பிழையால் அடுப்பு ஆறிப்போனது, மீண்டும் சூடேற்ற எரிந்தது என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

மேரி ரொட்டிப் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டே கேட்டார். "ஆய்வாளர்னா யாருன்னு படிக்கிறவங்களுக்கு எப்படி சார் தெரியும்? பேரப் போடுங்க."

போட்டேன்.